விசைப்படகுக்கு ஏற்ற கணப்பு எது?

ஜனவரி 9, காலை 7.10. வெளியே –14. கேபினுக்குள் 17.

இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. ஊர்ப் படகுக் கமிட்டிக்காரர்களாக இருந்தால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் முடிவை மட்டும் பார்ப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் முறைப்படி தொடங்குகிறேன்.

பெயர் ஜெசிந்தா மோத்தா. தொழில் கடல்சார் பொறியியல் ஆய்வு. சொந்த ஊர் தூத்துக்குடி. படகு ‘வலம்புரி’. இடம் மணப்பாட்டுக்கு நேர் கிழக்கே, மன்னார் வளைகுடாப் பனித்தட்டின் ஓரம். ஆள் ஒன்று. டீசல் கணப்பு மூன்று. மூன்றில் எது நம் விசைப்படகுகளுக்கு ஒத்துவரும் என்று சொல்ல வேண்டியது என் வேலை.

வானத்தில் தூசி தூவி வெயிலைக் குறைத்த புண்ணியவான்கள், இரண்டு டிகிரிதான் குறையும் என்றார்கள். பதினோரு வருடம் ஆயிற்று. இப்போது வளைகுடா நடுவில் பனியின் மேல் மாட்டுவண்டி ஓட்டலாம். பனிமய மாதாவைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட ஊர்தான், ஆனால் பனி நிஜமாகவே வந்து இறங்கியபோது எங்களில் ஒருவரிடமும் உருப்படியான கம்பளி கிடையாது. போன குளிரில் மட்டும் பத்தொன்பது பேர் கடலிலேயே விறைத்துச் செத்தார்கள். கடலுக்குப் போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் மீன் பூராவும் இந்தப் பனித்தட்டின் ஓரத்தில்தான் கிடக்கிறது. என் தம்பி ரெமிஜியுஸ் ‘சலேத் மாதா’ படகின் டிரைவர். அவனும் இங்கேதான் வருவான். ஆகவே இது எனக்கு வெறும் ஆய்வு இல்லை.

கணப்பு ஒன்று: சொட்டு அடுப்பு. சட்டிக்குள் டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும். மின்சாரமே வேண்டாம். மேலே புகைபோக்கி. கணப்பு இரண்டு: வெந்நீர் வகை. டீசல் எரிந்து தண்ணீரைக் காய்ச்சும், அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கேபினைச் சுற்றி வரும். கனம் அதிகம், மாட்டுவதற்கு நாள் பிடிக்கும். கணப்பு மூன்று: ‘கங்கு’. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் செய்தது. காற்றைச் சூடாக்கி உள்ளே ஊதும். எல்லாக் கணப்பும் புகையை நேரே வெளியே தள்ளிவிடும், கங்கு மட்டும் புகைக்குழாயைப் படுக்கைக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் பிறகுதான் வெளியே விடும். புகையோடு போகிற சூட்டையும் வீணாக்கக் கூடாது என்பது அவர் யோசனை. கோயம்புத்தூர்க்காரர், லேத் பட்டறையில் வளர்ந்தவர், எதையும் வீணாக்க மாட்டார்.

தொடர்பு: கரையிலுள்ள வயர்லெஸ் கோபுரம் ஓங்கிப் பேசும், எனக்குத் தெளிவாகக் கேட்கும். என் கட்டை ஆன்டெனா மூன்று மைல் தாண்டாது. ஆகவே நான் எழுத்தாக அனுப்புகிறேன். மிதவை ரிலே வழியாக அது கரைக்குப் போகும். அங்கே உள்ள இயந்திரம் அதை என் குரலிலேயே வாசித்துச் சொல்லும். இதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்து என் குரலைப் பதிவு செய்து கொடுத்தேன். எழுத்தைவிடக் குரலைத்தான் நம்மவர்கள் நம்புவார்கள் என்று அந்த இயந்திரத்தைக் கேட்டு வாங்கியதே நான்தான். கரையில் அதைப் பார்த்துக்கொள்வது சென்னியப்பன்.

ஜனவரி 9, மாலை 6.30.

கரையிலிருந்து: “அம்மிணி, எல்லாம் எழுதிக்கிட்டேன். சாப்புட்டியா? உன்ற குரல் இந்த ரூம்புக்குள்ளயே இருக்காப்புல இருக்குது. ஒடம்பப் பாத்துக்கோ.”

சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு உறைந்து கட்டியாகிவிட்டது, கத்தியால் வெட்டித்தான் சூடாக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 16, பகல் 12.00. வெளியே –17.

சொட்டு அடுப்பு. ஆறு நாள் ஓட்டினேன். படகு ஆடாமல் நின்றால் தங்கமான அடுப்பு. ஆடினால் போச்சு. சட்டியில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, தீ அணைந்து அணைந்து பிடிக்கிறது. நேற்றுத் தெற்குக் காற்று புகைபோக்கிக்குள் புகுந்து, புகை மொத்தத்தையும் திருப்பி என் முகத்தில் அடித்தது. தொண்டை கட்டிக்கொண்டது. மடிவலை இழுக்கிற படகு ஒரு நிமிடம் சும்மா நிற்காது. ஆகவே இது வேண்டாம்.

வெந்நீர் வகை. ஏழு மணிநேரம் படகின் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, அதிர்வோடு சேர்த்துச் சோதித்தேன். குழாய் ஒன்றும் அசையவில்லை. தீ எரிவது கேபினுக்கு வெளியே, இன்ஜின் அறையில். உள்ளே வருவது வெறும் சூடு. அலட்டிக்கொள்ளாத சாமான். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு குறிப்பு. இதைக் கமிட்டிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டவும். நம் ஆட்கள் கேபின் இடுக்குகளைத் தேங்காய்நாரும் குங்கிலியமும் வைத்து அடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடிப்பலகைக்குக் கலப்பத்து அடித்துத் தண்ணீர் புகாமல் காக்கிற கை அது, அந்த வேலையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கேபின் என்பது அடிப்பலகை இல்லை. உள்ளே தீ எரிந்தால் காற்று வந்துபோக வழி வேண்டும். நமக்கு என்றைக்காவது மூடின அறையில் தீ மூட்டிப் பழக்கம் உண்டா? வெக்கையில் கதவைக்கூடச் சாத்தாத சாதி. தயவுசெய்து ஓட்டையை அடைக்காதீர்கள்.

கரையிலிருந்து: “எழுதிக்கிட்டேன் கண்ணு. கங்கை எப்ப மூட்டப்போறே? அதைய நெனச்சுத்தான் நான் தூக்கமே இல்லாம கெடக்கறேன்.”

ஜனவரி 23, பிற்பகல் 3.40.

தலை இன்னும் விண்ணென்று தெறிக்கிறது. தெளிவாக எழுதப் பார்க்கிறேன்.

கங்கு முதல் நான்கு நாள் அருமை. ஒரு பொத்தானைத் தட்டினால் பத்து நிமிடத்தில் கேபின் 24. பொய் சொல்லவில்லை, பெருமையாக இருந்தது. என் புருசன் செய்தது என்று பனித்தட்டில் நின்று கத்தலாம் போல இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று இன்ஜினை ஓட்டி அதிர்வுச் சோதனை. மூன்றாம் மணிநேரத்தில் எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. காரணமே இல்லை. அப்புறம் தூக்கம். அந்த நேரத்தில் நச்சுப்புகைக் கருவி கத்தியது. எழுந்து கதவைத் திறக்க எனக்கு மனமே வரவில்லை, அதுதான் பயங்கரம். உள்ளே அவ்வளவு கதகதப்பு. தவழ்ந்துபோய்க் காலால் உதைத்துத் திறந்து பனியில் விழுந்தேன்.

பிறகு படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். புகைக்குழாய் வளைகிற இடத்தில் இரண்டு இணைப்பும் முடி அளவுக்கு விரிந்திருக்கிறது. இன்ஜின் அதிர்வைத் தாங்கவில்லை. துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஓட்டினால் நூறு வருடம் ஆனாலும் இது தெரியாது. வெளியே வருகிற புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அந்தக் கருவி என் படகில் மட்டும்தான் இருக்கிறது.

கரைக்கு அனுப்பினேன்: கங்கு ஆளைக் கொல்லும். மாட்டக் கூடாது.

கரையிலிருந்து, வெகுநேரம் கழித்து: “அம்மிணி, உனக்கு ஒண்ணும் ஆகலியே? சாமி காப்பாத்துச்சு. எழுதிக்கிட்டேன். இணைப்புக்கு வேற பசை வெச்சாச் சரியாப்போயிரும். நீ பயப்படாதே.”

பசையால் ஆகாது, குழாயை உள்ளே சுற்றவிடுவதே தப்பு என்று திருப்பி எழுதினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று வருடம் அந்த மனிதர் இதற்காகவே உயிரை விட்டிருக்கிறார்.

ஜனவரி 28, காலை 9.00.

முடிவறிக்கை அனுப்பினேன். வெந்நீர் வகை ஒன்றே ஏற்றது. வந்து மாட்டி முடிக்க ஒரு மாதம் ஆகும், அதுவரை படகு கடலுக்குப் போகவேண்டாம். பசியிருக்கலாம், செத்துப்போகக் கூடாது.

கரையிலிருந்து: “எழுதிக்கிட்டேன் அம்மிணி. கமிட்டியில வாசிச்சுக் காட்டிப்போட்டேன். எல்லாருக்கும் திருப்தி.”

எல்லாருக்கும் திருப்தியா? நம் கமிட்டியிலா? டீக்குச் சர்க்கரை போடுவதற்கே நாலு கட்சி கட்டுகிறவர்கள். ஆச்சரியமாக இருந்தாலும் சந்தோசமாக இருந்தது. ஐஸ் உடைக்கிற கப்பல் பிப்ரவரி நடுவில் வந்து என்னை எடுக்கும். வலம்புரியைச் சுற்றிப் பனி இறுகிவிட்டது, அதுவரை நகர முடியாது, கரைக்கும் எனக்கும் நடுவில் திறந்த கடல் கிடப்பதால் நடந்தும் போக முடியாது.

ஜனவரி 31, சனி, காலை 10.25.

கேட்டதை மறக்கும்முன் எழுதிவிடுகிறேன்.

இன்று படகு மந்திரிப்பு. வருடா வருடம் கடல் திறக்கும்முன் பங்குச் சாமியார் செபம் சொல்லிப் படகுகளை மந்திரிப்பார். அந்தப் பூசையைக் கோபுரம் வழியாக வயர்லெஸ்ஸில் விடுவது எங்கள் ஊர் வழக்கம். கடலில் கிடக்கிறவனும் கேட்டு முட்டிபோட வேண்டும் என்பதற்காக என் அப்பா காலத்தில் தொடங்கியது. சென்னியப்பனுக்கு இது தெரியாது. அவர் கோயில் பக்கமே வராத ஆள், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கேட்டேன். முட்டிபோட்டுத்தான் கேட்டேன். செபம் முடிந்தது. அப்புறம் கமிட்டித் தலைவர் லூக்காஸ் வாஸ் மைக்கைப் பிடித்தார். அப்படியே எழுதுகிறேன்:

“பன்னெண்டு போட்டுல கங்கு மாட்டியாச்சு. திங்கக்கெழம விடியுமுன்ன வெள்ளாப்புல பன்னெண்டும் பனி ஓரத்துக்குப் போவுது. நம்ம ஜெசிந்தா புள்ள ஒரு மாசமா ஒத்தையில கெடந்து சோதிச்சுச் சொன்னதுய்யா இது. அவ வாயாலயே கேளுங்க.”

அதற்குப் பிறகு நான் பேசினேன்.

என் குரல். நான் மூச்சு விடுகிற இடம், நான் சிரிக்கிற சிரிப்பு, எல்லாம். “மூணுலயும் கங்குதான் ஒசத்தி. நானே அதுலதான் படுத்துத் தூங்குதேன். இடுக்கு எல்லாத்தையும் நல்லா அடைச்சுக்கிட்டுச் சொகமா தூங்கலாமுங்க.” இப்படி நான் பேசினேன். ஊர் கைதட்டியது. கூட்டத்திலிருந்து ரெமியின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது: “எங்க அக்காலா!”

நான் பிறந்ததிலிருந்து பேச்சின் கடைசியில் ‘லாமுங்க’ என்று இழுத்ததில்லை. அது கோயம்புத்தூர்.

எழுதிக்கிட்டேன், எழுதிக்கிட்டேன் என்று இவ்வளவு நாளும் சொன்னாரே. நான் அனுப்பியதை வைத்துவிட்டு, வேறு எதையோ தட்டி என் குரலில் வாசிக்க விட்டிருக்கிறார். அட பாவி மனுசா.

ஜனவரி 31, பகல் 1.15.

அனுப்பினேன்: எல்லாம் கேட்டேன். இன்றைக்கே ஊரைக் கூட்டி உண்மையைச் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன்.

கரையிலிருந்து. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது:

“கோவிச்சுக்காதே கண்ணு. நீ சொன்ன எடத்துல புதுப் பசை வெச்சு, ரெண்டு வாட்டி இறுக்கிப்போட்டேன். பட்டறையில வெச்சு ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருசமாச்சு. இன்னமும் நான் ஜெசிந்தா புருசன்தான், எனக்குன்னு ஒரு பேரு கெடையாது. பன்னெண்டு போட்டும் நல்லபடியாத் திரும்பி வந்துச்சுன்னா நாளைக்கு நானும் இந்த ஊருக்காரன். நீயே வந்து சிரிப்பே பாரு.”

பட்டறைத் தரை அதிருமா? கடலில் இன்ஜின் ஓடும் ஐயா. எத்தனை முறை எழுதினேன்!

என் அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை, இவரைக் கட்டியதற்காக. கமிட்டியில் இவருக்காகச் சண்டை போட்டது நான். என் குரலை வார்த்தை வார்த்தையாக இவர் கையில் எடுத்துக் கொடுத்ததும் நான். வேறொரு பெண்ணைத் தேடிப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என்னையே எடுத்து, என் தம்பியைக் கொல்லப் பயன்படுத்துகிறாரே.

ரெமிக்கு நேராக ஒரு செய்தி எழுதினேன். போகவில்லை. ரிலே விளக்கு அணைந்திருக்கிறது. இதற்கு முன் அது அணைந்ததே இல்லை, அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு, மாலை 5.00. வெளியே –19.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்தது. வீணாகிவிட்டது.

ஆன்டெனாவை உயர்த்தலாம் என்று இரண்டு தூண்டில் கம்புகளைச் சேர்த்துக் கட்டி ஏற்றினேன். காற்று முறித்துப் போட்டது. மறுபடி கட்டினேன், மறுபடி முறிந்தது. வெறும் வாயால் வயர்லெஸ்ஸில் கத்தினேன், நாள் முழுக்க. மூன்று மைலுக்குள் கடல்காக்கை மட்டும்தான் இருக்கிறது. சொட்டு அடுப்புப் புகையும் குளிரும் கத்தலும் சேர்ந்து தொண்டை போயே போய்விட்டது. இப்போது பேசினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது.

பரவாயில்லை. நாளை படகுகள் இந்த ஓரத்துக்குத்தான் வரவேண்டும். மூன்று மைலுக்குள் வந்தால் போதும். ரெமி என் பேச்சைக் கேட்பான்.

பிப்ரவரி 2, திங்கள், காலை 9.20.

பன்னிரண்டும் தெரிகின்றன. வடக்கே, வரிசையாக. எல்லாக் கேபினும் சாத்தியிருக்கிறது. தொலைநோக்கியில் பார்த்தேன், கதவு விளிம்பு பூராவும் கறுப்பாகக் கலப்பத்து. மேல்தளத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

அவர்கள் பேச்சு கேட்கிறது. “ஏல, இது போட்டா வீடா! சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருக்கேம்ல.” இன்னொரு படகு: “தலதான் லேசா வலிக்கி. காப்பி குடிச்சாச் சரியாயிரும்.”

காலை 9.50.

நான் பேசியது: “எல்லாப் போட்டுக்கும் ஜெசிந்தா மோத்தா பேசுதேன். கங்கை அணைங்க. கதவைத் திறங்க. புகை உள்ள வருது, செத்துருவீங்க. ரெமி, நான் அக்காடா.”

ரெமி: “யாரு அது? எங்க அக்கா குரல் எனக்குத் தெரியாதா?”

“தொண்டை கட்டிருக்குடா. நம்ம அப்பாவோட...”

முடிக்கவில்லை. ரெமியின் பெட்டி கரைவரை போகும், அவன் பேசியதைக் கேட்டுக் கோபுரம் குறுக்கே வந்தது. அதன் சக்திக்கு முன்னால் என் பெட்டி எம்மாத்திரம். சுத்தமான, தெளிவான, என் குரல்:

“ரெமி, நான்தான்டா அக்கா பேசுதேன். பக்கத்து ஊர்ப் போட்டுக்காரன் எவனோ நம்மள வெரட்டப் பாக்கான். காதுல போட்டுக்காத. மடியை இறக்கு.”

ரெமி சிரித்தான். “சரிக்கா” என்றான். அந்தக் குரலிடம்.

நான் இருக்கும்போதே எனக்குப் பதிலாக இன்னொருத்தியிடம் என் தம்பி சரிக்கா என்கிறான். மைக்கை மறுபடி அழுத்தினேன். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும், கோபுரம் இடைவிடாமல் பேசி என்னை மூடிவிட்டது.

காலை 10.40.

சிரிப்பு அதிகமாகிவிட்டது. பன்னிரண்டில் ஒன்பது படகில் சிரிக்கிறார்கள். ஒருவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். எனக்குத் தெரியும் இது என்ன என்று.

குரலை நம்பாவிட்டாலும் புகையை நம்புவார்கள். கடலில் கரும்புகை கண்டால் எந்தப் படகும் மடியை அறுத்துவிட்டாவது வந்தாக வேண்டும், அதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்து பார்க்க வெளியே வருவார்கள். வெளியே வந்தால் மூச்சுக் காற்று கிடைக்கும்.

படகின் பக்கவாட்டில் தொங்குகிற டயர் எட்டையும் பனியில் போட்டேன். என்னிடம் மிச்சமுள்ள டீசல் மொத்தத்தையும் ஊற்றுகிறேன். இதற்குப் பிறகு மூன்று கணப்பும் எனக்கு வெறும் இரும்பு.

காலை 11.30.

எரிகிறது. வானம் கறுத்துவிட்டது. என் முகமும் கையும் ஒரே கரி.

ஒரு படகு திரும்பியது. ஒன்றே ஒன்று. பச்சை மேல்கட்டு, வெள்ளைச் சிலுவை. சலேத் மாதா. வாடா என் ராசா.

நேரே வருகிறது. வேகத்தைக் குறைக்கவில்லை. ரெமி, வேகத்தைக் குறை. மேல்தளத்தில் யாரும் இல்லை.

பகல் 12.50.

பனியில் முட்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பியால் கதவை நெம்பினேன். கலப்பத்து அவ்வளவு கச்சிதம், நாரை உரித்து உரித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே 26 டிகிரி. கங்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது, அணைத்தேன்.

ஆறு பேர். ஐந்து பேரை இழுத்துத் தளத்தில் போட்டேன். நான்கு பேருக்கு மூச்சு இருக்கிறது, கண் திறக்கவில்லை. ஒருவர் மோசஸ் அண்ணன், அவருக்கு இல்லை.

ரெமி வீலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கன்னம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருக்கிற மாதிரி. அவன்தான் படகைத் திருப்பியிருக்கிறான். புகையைப் பார்த்து, யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து, திருப்பி, அப்புறம் போய்விட்டான்.

நெஞ்சை அமுக்கினேன். வாயில் ஊதினேன். அரை மணிநேரம். அடித்தேன்கூட. டேய் எழும்புடா என்று கன்னத்தில் அடித்தேன்.

மேலே எழுத முடியவில்லை.

பகல் 1.20. சலேத் மாதாவிலிருந்து.

ரெமியின் வயர்லெஸ் பெரியது. உயரமான கம்பம். கரை வரைக்கும் போகும். சொன்னேன்: ரெமி செத்துப்போனான். மோசஸ் அண்ணனும். கங்கு கொன்றது. மிச்சம் பதினோரு படகையும் கூப்பிடுங்கள்.

லூக்காஸ் வாஸ்: “ஏம்மா நீ யாரு? எந்த ஊரு? சாவுச் செய்தியில வெளையாடாத.”

அடுத்து வேறு அலைவரிசையில், எனக்கு மட்டும்:

“அம்மிணி. ரெமி சங்கதி நெசமா? ஐயோ. நான் நெனைக்கவே இல்ல. அந்த ஒரு போட்டுல மட்டும் பசை விட்டிருக்கும். மத்ததுல நல்லாப் புடிச்சிருக்குது, சாமி சத்தியமா. இப்ப நெசத்தைச் சொன்னா என்னையக் கல்லுல கட்டிக் கடல்ல எறக்கிப்போடுவாங்க. நீ வாயைத் தொறக்காம இரு. சாயங்காலம் எல்லாரும் வந்துருவாங்க. அப்புறமா ரெண்டு பேரும் பேசிக்கலாம், கண்ணு.”

நான்: “உன் கையை வச்சு அந்த இயந்திரத்துல ஒரே ஒரு வரி தட்டு. கதவைத் திறங்கன்னு. உன் பேரு வரவேண்டாம். என் பேர்லயே சொல்லு. பதினோரு போட்டு. ஒரே ஒரு வரி, சென்னி.”

அலைவரிசையை மூடிவிட்டார்.

பகல் 2.05.

நானே போகிறேன். குரலை நம்பாதவன் ஆளைப் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும். ரெமியைக் கீழே படுக்கவைத்து, முகத்தை மூடிவிட்டு, வீலைப் பிடித்திருக்கிறேன். நான்கு பேரும் காற்றுப்படத் தளத்தில் கிடக்கிறார்கள், கம்பளி போர்த்தியிருக்கிறேன். வலம்புரியிலிருந்து இந்தப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருப்பது ‘கார்மேல்’ படகு. சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் உள்ளே ஆள் அசைகிறது. இன்னும் நேரம் இருக்கிறது.

2.20.

ஒட்டிவிட்டேன். கயிறு போட்டுத் தாவினேன். கண்ணாடி உள்ளே வேர்த்து மங்கியிருக்கிறது. தட்டினேன். ஒரு முகம் வந்தது, என்னைப் பார்த்தது. என் முகம் பூராவும் டயர்க் கரி, தலையில் குல்லா. நான் ஜெசிந்தா, நான் ஜெசிந்தா என்றேன். தகரச் சத்தம்தான் வந்தது. அந்த முகம் யோசித்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது, சத்தியமாகப் போனது.

அப்போது உள்ளே வயர்லெஸ்ஸில் நான் பேசினேன்:

“எல்லாப் போட்டுக்கும் ஜெசிந்தா பேசுதேன். சலேத் மாதாவை ஒருத்தி கைப்பத்திட்டா. ரெமியை அவதான் கொன்னுருக்கா. பக்கத்துல வந்தாக் கதவைத் திறக்காதீங்க. நல்லா அடைச்சுக்கிட்டு உள்ளயே இருங்க. அது நான் இல்ல.”

அந்தக் குரல் அழுதது. நான் அழுகிற மாதிரியே அழுதது.

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுகிறது. ‘சரிக்கா’ என்கிறார்கள்.

கதவை உடைக்கக் கோடாலி எடுக்கப் போகிறேன்